மிதிக்கிற மெசின்

2004 ஆவணி, ஞாயிறு. நெளுக்குளம்.

நித்திரை வரவில்லை. இன்றைய வாராந்தக் கூட்டத்தில் எங்கள் சேவைக் கழகம் வசந்திக்குத் தையல் மெசின் கொடுத்தது. கண்ணிவெடியில் இரண்டு கால்களும் போன பெண் அவள். விண்ணப்பத்தில் கையால் சுற்றும் மெசின்தான் வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தாள். காலால் மிதிப்பதுதான் படத்தில் எடுப்பாகத் தெரியும் என்று, செயலாளரான நான் அதை வாங்கினேன்.

அவள் வந்த சக்கர நாற்காலியின் முதுகில் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருந்தது. அது படத்தில் விழக்கூடாதே! அவளைத் தூக்கி எங்கள் கதிரையில் இருத்திவிட்டு, நாற்காலியை வெளியே தள்ளிவிட்டேன். சேலை நிலம் வரை தொங்கியது. பிந்தி வந்த தலைவருக்கு ஒன்றும் தெரியாது.

“பிள்ளை, காலை வைச்சு ஒருக்கா மிதியுங்கோ, படம் எடுக்க” என்றார்.

அவள் என்னைத்தான் பார்த்தாள். “ஐயா, அப்ப கால் எப்ப தருவியள்?”

“அதை அடுத்த கிழமைக் கூட்டத்தில எடுப்பம்” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். விளங்காமலே தலைவரும் சிரித்தார். படம் நன்றாகத்தான் வந்திருக்கும்.

பயனாளி மகிழ்ச்சியோடு பெற்றுக்கொண்டார் என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். தேநீர் குடித்தோம். அடுத்த மாதம் வீதி துப்புரவாக்கும் சிரமதானத்தைப் பற்றிக் கதைத்தோம். ஒவ்வொருவராகப் போனார்கள். விளக்கை அணைத்து மண்டபத்தைப் பூட்டப் போனேன்.

அவள் இன்னும் அந்தக் கதிரையிலேயே இருந்தாள்.