கலங்கரை விளக்கக்காரருக்கு ஒரு வசனம்

தையல் மிஷினின் இழுப்பறையைச் சுத்தம் செய்தபோது உன் குட்டிக் கத்தரி கிடைத்தது. பனியன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறு நூலை வெட்ட நீ வைத்திருந்தது. விரல் வலிக்காமலிருக்கப் பிடியில் நீ சுற்றிய சிவப்புத் துணி அப்படியே இருக்கிறது. ஒரு முறை அழுத்தினேன். கிச் என்றது. அந்தச் சத்தத்தோடு நம் முன்னறை முழுவதும் திரும்பி வந்துவிட்டது. தரையில் குவிந்த குழந்தைப் பனியன்கள், மூக்கில் ஏறும் பஞ்சு வாசனை, மூலையில் டிவியும் வீடியோ டெக்கும், அவற்றின் முன்னால் நம் மகன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று நினைக்கிறேன். ஆண்டை உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவனுக்குப் பதினேழு வயது. பள்ளி விட்டு வந்தால் யாரிடமும் பேசமாட்டான். உறவினர் வந்தால் சாப்பாட்டுத் தட்டோடு உள்ளறைக்குப் போய்விடுவான். ஜப்பான் கார்ட்டூன் கேசட்டுகள் மட்டும்தான் அவனுக்குத் துணை. பனியன் துணி வியாபாரம் செய்த பாயின் தம்பி, சிங்கப்பூர் டிவியிலிருந்து பதிவு செய்து அனுப்பியவை அவை.

"பேசறது ஜப்பான் பாஷை, கீழே ஓடறது சீன எழுத்துங்க. நமக்கு ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்று பாய் சிரித்துக்கொண்டே கொடுத்தார். நம் மகன் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

நான் எக்ஸ்போர்ட் ஆபீஸில் கப்பலுக்கான தாள்களைச் சரிபார்ப்பவன். மகனிடம் எதைச் சரிபார்ப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. இவன் என்றாவது ஒரு மனிதரோடு மனம்விட்டுப் பேசுவானா என்பதே என் கவலை. டெக்கை விற்றுவிடலாம் என்றேன். நீ கத்தரியை நிறுத்தாமலே சொன்னாய்: "அவன் வெளிய வராட்டிப் போகுதுங்க. நாம போயி அவனோட உக்காந்துக்கலாம்."

பிசிறு வெட்டக் கம்பெனி அனுப்பும் பண்டல்களையெல்லாம் டிவிக்கு முன்னால் நகர்த்திக்கொண்டாய். சத்தத்தைக் குறைத்துவிட்டு, படத்தில் வருகிற அத்தனை பேருக்கும் நீயே குரல் கொடுத்தாய். கடலோர ஊர் ஒன்று, மலை உயர இயந்திர மனிதன் ஒருவன், அவனை உள்ளே உட்கார்ந்து ஓட்டும் பள்ளிக்கூடப் பையன். கடலிலிருந்து எழும் அரக்கன் உன் குரலில், "ஏனுங்க, இந்த ஊரை அழிச்சுப் போடட்டுங்களா?" என்று பணிவாகக் கேட்பான். இயந்திர மனிதன் காலைத் தூக்கினால், "பாத்து வையி சாமி, ஊட்டுக்குள்ள ஆளிருக்கும்" என்பாய்.

படத்தில் கலங்கரை விளக்கத்தின் வாசலில் ஒரு கிழவர் நிற்பார். யார் எது சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டுவார். "இவருக்கு வசனமே வேண்டாம் கண்ணு. இது உங்கப்பாதான்" என்றாய். மகன் வாய்விட்டுச் சிரித்தான். எனக்குச் சற்று வருத்தம்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்கத் தினமும் அங்கே வந்து உட்கார்ந்தேன்.

பிறகு அவள் வந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்த்தார். மகன் வயதுதான் அவளுக்கும். உன்னிடம் பிசிறு வெட்ட வந்த முதல் நாளே திரையைப் பார்த்துக் கேட்டாள்: "ஏக்கா, இந்தப் புள்ளைக்குக் கண்ணு இம்புட்டுப் பெரிசா இருக்கு, மூக்க எங்க காணும்? முடி வேற பச்சையா கெடக்கு. எங்கப்பா பட்டறையில முக்கி எடுத்தாகளா?"

"அது பொறந்ததுலயே பச்சைதானுங்க" என்றான் மகன், திரும்பாமல்.

"ஊமைன்னுல்லா நெனச்சேன். ஜப்பானு பேசுதானே" என்றாள் அவள். நீயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

அன்று முதல் பச்சை முடிப் பெண்ணுக்கு அவள் குரல், பள்ளிக்கூடப் பையனுக்கு அவன் குரல். அவள் வரும் நாட்களில் தலை வாரிக்கொண்டான். அவளுடைய கத்தரிக்கு எண்ணெய் விட்டு வைப்பான். ஒரு நாள் எண்ணெய் கூடிப்போய் வெள்ளைப் பனியனில் கறை விழுந்தது. யார் செய்தது என்று நீ கேட்கவில்லை. சாக்பொடி தூவித் துடைத்துவிட்டு என்னைப் பார்த்துப் புன்னகைத்தாய். எனக்குப் பயமாக இருந்தது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்றேன். "இப்பத்தான் அவன் ஒரு ஆளு மொகத்தைப் பாத்துப் பேசறானுங்க. கொஞ்சம் பொறுங்க" என்றாய்.

தீபாவளி போனஸ் கொடுத்ததும் வெளியூர் ஆட்கள் கிளம்பி ஊரே காலியாகுமே, அந்த வாரம். கம்பெனி பண்டல் அனுப்புவதை நிறுத்தியிருந்தது. சாயங்காலம் அவள் விடைபெற வந்தாள். "அப்பாவுக்குப் பட்டறை ஒத்துக்கலக்கா. ஊர்லயே இருந்துக்கிடலாம்னு சொல்லிட்டாக. இனி வரமாட்டோம்" என்றாள். மகன் கேசட்டைப் போட்டான். அவள் பழக்கத்தில் கத்தரியை எடுத்து, மிச்சமிருந்த பனியன்களை மடியில் போட்டுக்கொண்டாள்.

படகுத்துறைக் காட்சி வந்தது. பச்சை முடிப் பெண் ஊரைவிட்டுப் போகிறாள். பையன் அவள் எதிரில் நிற்கிறான். அவன் வாய் அசையாது, அலை மட்டும் அடிக்கும். எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு முறையும், "இந்த இடத்துல வசனம் இல்லீங்க" என்று மகன் கண்டிப்பாகச் சொல்லிவிடுவான்.

"அப்ப நான் கெளம்புதேன்" என்றாள் அவள், பச்சை முடிப் பெண்ணாக.

அலை அடித்தது. மகன் திரையைப் பார்த்தபடியே சொன்னான்: "நீங்க போறது எனக்குப் புடிக்கலைங்க."

கத்தரிகள் நின்றன. நான் எழப்போனேன். எழுந்து என்ன செய்திருப்பேன் என்று இன்றும் தெரியவில்லை. நீ என் வேட்டி நுனியைப் பிடித்து உட்கார வைத்தாய்.

அவளும் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எனக்கும்தான்" என்றாள். மடியிலிருந்த பனியன்களை எடுத்துவைத்துவிட்டு, "ஆனா படகு வந்துட்டுல்லா" என்றாள்.

நீ கட்டிக் கொடுத்த பலகாரத்தை வாங்கிக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டியபடி அவனிடம் சொன்னாள்: "ஏ ஜப்பானு, இப்பத்தான் வாயத் தொறந்திருக்க. திரும்ப மூடிராத, என்ன?"

தீபாவளி முழுவதும் அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் பயந்தேன். கம்பெனி திறந்து பண்டல் வந்த அன்று, அவளுடைய கத்தரியை எடுத்துக்கொண்டு பிசிறு வெட்ட வரும் பெண்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்தான். "என்ன தம்பி, பனியன் கம்பெனிக்கே வந்துட்டியா?" என்று ஒருத்தி சீண்டினாள். "ஆமாங்கக்கா. நீங்க வெட்டற லட்சணத்தைப் பாத்துட்டு மொதலாளிதான் என்னை அனுப்பிச்சாருங்க" என்றான். அடுப்படியில் நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். இப்போது அவன் போனில் பேசினால் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அவனுடைய மனைவியும் அதையேதான் சொல்கிறாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், உன் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ பார்த்துக்கொண்டே இருந்தாய். "கலங்கரை வெளக்குக்காரரே, இப்பவாச்சும் ஒரு வசனம் சொல்லுங்க" என்றாய். என்ன சொல்வதென்று யோசித்தேன். தலையை ஆட்டிவிட்டு உன் தலையணையைச் சரிசெய்தேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பில் குறை எதுவும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இப்படிப்பட்டவற்றில் என் கணிப்பை நான் நம்புவதில்லை.

இன்று உன் கத்தரியோடு முன்னறையில் உட்கார்ந்திருக்கிறேன். வீட்டில் யாருமில்லை. டிவி ஓடவில்லை. ஒரு முறை அழுத்தினேன், பிறகு நிறுத்தினேன். நிறுத்திய பின் வந்த அமைதி, படகுத்துறைக் காட்சியில் கத்தரிகள் நின்ற அன்றைய அமைதி போலவே இருந்தது.

எனக்குத் தெரிந்த வசனம் ஒன்றுதான். அதுவும் மகனுடையது. ஆனாலும் சத்தமாகவே சொன்னேன்.

"நீ போனது எனக்குப் புடிக்கலை, கண்ணு."