வாரேன் என்று சொன்ன சடையன்

திருச்செங்கோடு,
மாசி மாதம், 1945.

சிரஞ்சீவி அருணகிரிக்கு அப்பாவின் ஆசிகள். அர்த்தநாரீசுவரர் கிருபையில் நானும் உன் அம்மாவும் நம் கரி பஸ்ஸும் சௌக்கியம்; பம்பாயில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். யுத்தம் முடிந்து பெட்ரோல் கிடைக்கிறவரை டிரைவர் பிழைப்பும் அடுப்படிப் பிழைப்பும் ஒன்றுதானப்பா. காலையில் பஸ்ஸின் முதுகில் இருக்கும் அடுப்பில் கரியைக் கொட்டி, ஊதி ஊதி, எஞ்சினை ஓட்டுகிற கரிப்புகை பதத்துக்கு வந்து, கண்டக்டர் நாச்சிமுத்து முன்னால் போய் ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்புவதற்குள் சேலம் போகிற ஜனங்களுக்குப் பொறுமை போய்விடும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் என்னைத்தான் வைவார்கள், இப்போது உன் புண்ணியத்தில் அது நின்றுவிட்டது. பத்திரிகையில் மாதாமாதம் வருகிற உன் 'நட்சத்திர நௌகை' தொடர்கதையை நாச்சிமுத்து படியில் நின்று உரக்கப் படிக்கிறான். அடுப்பு பிடித்துக்கொண்டாலும், இந்த அத்தியாயம் முடியட்டும் என்று வண்டியை எடுக்க விடமாட்டேன் என்கிறார்கள்.

வானத்தில் போகிற கப்பலும் கரியில்தான் ஓடுகிறது என்று படித்தவுடனேயே நீ யார் பிள்ளை என்று எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. எதற்கெடுத்தாலும் கத்துகிற கப்பல் தலைவன் நானாம். சொன்ன வேலையைச் செய்துவிட்டு ஒரு வெற்றிலைக்கு மேல் எதுவும் கேட்காத சடையன் நாச்சிமுத்துவாம். இருக்கட்டும், நான் கோபித்துக்கொள்ளவில்லை. பச்சை நட்சத்திரத்து மூன்று கண் ஜனங்களுக்கு வாயே கிடையாது, வெயிலை உள்ளங்கையில் வாங்கித்தான் பசியாறுகிறார்கள் என்று எழுதினாயே, தயிர்க்காரச் செல்லியம்மாளுக்கு ஒரு வாரம் அதே கவலை. "வாயில்லீன்னா வெத்தலை எப்படிப் போடுவாங்க, சாமி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். உடம்பு செம்மண் நிறம் என்று வந்ததும் மேச்சேரிச் செம்மறி ஆடாட்டமா இருப்பாங்களா என்றாள், நானும் ஆமாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன், தப்பாக இருந்தால் நீ கதையை மாற்றிக்கொள். கப்பலில் போன நம்மவர்கள் "வாரேனுங்க" என்று விடைபெற்றுப் போனதை நிஜமென்று நம்பி அந்த ஜனங்கள் பொழுதுக்கும் வாசலில் காத்துக்கிடந்ததைப் படித்தபோது பஸ்ஸே குலுங்கிச் சிரித்தது.

போன மாதம்தான் சிரிப்பு நின்றது. கப்பல் கிளம்ப வேண்டுமானால் யாராவது வெளியே நின்று ஹேண்டில் சுற்ற வேண்டும், சுற்றியவன் ஏறுவதற்குள் கப்பல் எழும்பிவிடும் என்று வைத்தாய். சடையன் இறங்கிப் போய்ச் சுற்றினான், கப்பல் போய்விட்டது, அவன் நின்றுவிட்டான். நாச்சிமுத்து பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, போய் நம் ஹேண்டிலைச் சுற்றினான். அதன் பிறகு உன் கடிதம் வந்தது. அடுத்த மாதம் சடையன் அங்கேயே சாகிறான், கதை முடிகிறது, அதுதான் காவியத்துக்கு அழகு என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், அச்சாபீஸில் வேலை அதிகம், வைகாசித் தேருக்கும் வர முடியாது, இனி பம்பாய்தான் என் ஊர் என்று பழகிக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் ஒரே மூச்சில் எழுத உனக்கு எப்படி மனசு வந்ததோ.

என் வாய் சும்மா இருக்குமா, சடையன் சாகப்போவதை பஸ்ஸில் சொல்லிவிட்டேன். ஒரே கூச்சல். செல்லியம்மாள் தயிர்ப்பானையை இறக்கி வைத்துவிட்டு, "அவன் வாரேன்னுதானுங்க சொன்னான், போறேன்னு சொல்லலையே! வாரேன்னவனை உங்க ஊட்டுப் பையன் எப்படிக் கொல்லுவான்?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். பத்திரிகையை எடுத்துப் பார்த்தேன். சடையன் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு "வாரேனுங்க, தலைவரே" என்கிறான், அச்சிலேயே இருக்கிறது. சாகப்போகிறவன் வாயில் அந்தச் சொல்லை வைத்தது நீதான், உனக்கே தெரியாமல் வைத்திருக்கிறாய். வாசலில் நின்று போறேன் என்று யாராவது சொன்னால் உன் அம்மா திரும்ப உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவாள், அந்த வீட்டில் வளர்ந்த கைக்கு வேறு எப்படி எழுத வரும்? நாச்சிமுத்து மட்டும், "தம்பி எழுதுனா சரியாத்தானுங்க இருக்கும்" என்கிறான். அவன் குணம் உனக்குத் தெரியும்.

எங்கள் யோசனையைக் கேள். மூன்று கண் ஜனங்களும் அந்தச் சொல்லைக் கேட்டார்கள் அல்லவா? சொன்ன சொல் பொய்யாகும் என்பதே அவர்களுக்குத் தெரியாது. அவர்களே ஒரு கப்பல் கட்டி, ஹேண்டிலையும் சுற்றி, சடையனை ஏற்றி அனுப்பட்டும். இல்லாவிட்டால் தலைவன் பாதி வழியில் திரும்பி வரட்டும். என் ஆள் ஒருவன் வழியில் நின்றுபோனால் நான் பஸ்ஸைத் திருப்பாமல் போவேனா?

சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி, மசிக் கையோடு சாப்பிடாதே, இருமல் இருந்தால் மறைக்காமல் எழுது. எனக்கும் உன்னைப் பார்க்க வேண்டும்போலத்தான் இருக்கிறது. தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இரு. உன் அம்மா கதையைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை, உனக்கு என்ன எழுதட்டும் என்று இப்போது கேட்டேன். அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பாமலே, "சேலம் ஜங்ஷன்ல ரயில் ஏறுறப்ப எம் பையனும் வாரேன்னுதானுங்க சொன்னான்" என்றாள்.

இப்படிக்கு, உன் வரவை எதிர்பார்க்கும் அப்பா,
மருதாசலம்.