தாளிப்பனைக்கு நான் எழுதிய கடைசி வரி

அண்ணே,

இன்று காலை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு படம் வந்தது. பழுப்பேறிய செய்தித்தாள் துண்டு. அதில் உங்கள் தாளிப்பனை, அதன் கீழே துண்டைத் தோளில் போட்டுச் சிரிக்கும் நீங்கள். நிருபராக இருந்தபோது நான் எழுதிய செய்தி. அனுப்பியவர் திண்டிவனம் பக்கத்து விவசாயி. "எங்க கொல்லையிலயும் இந்த மரம் பூத்திருக்குது சார். ஊர்ல இந்தப் பேப்பரைக் காட்டிக்கினு வெட்டச் சொல்றாங்க" என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

முகையூர்ப் பக்கம் உங்கள் நிலத்துக்கு நான் வந்த நாள் உங்களுக்கு மறந்திருக்காது. ஆயுளில் ஒரே முறை பூத்து, காய்த்து, பிறகு பட்டுப்போகிற மரம். அவித்த மல்லாட்டைக் கடலையை என் கை நிறையக் கொட்டிவிட்டுச் சொன்னீர்கள்: "எங்கப்பா வச்சது தம்பி. அவரு பூவைப் பார்க்காமலே போய்ட்டாரு. இதுவும் சாவப்போவுதுன்னு தெரியும். கொட்டை மட்டும் விழட்டும், வரப்போரமா நட்டுடுவேன்."

செய்தியை அனுப்பினேன். இடம் நிரம்பவில்லை, இன்னும் ஒரு வரி வேண்டும் என்றார்கள் பேப்பர் ஆபீஸில். அப்போது நாங்கள் எல்லோரும் செய்கிற வேலைதான். 'இம்மரம் பூத்தால் ஊருக்கு ஆகாது என்று பொதுமக்கள் அச்சத்தில் உள்ளனர்' என்று சேர்த்துவிட்டேன். சத்தியமாக உங்கள் ஊரில் ஒருவரும் அப்படிச் சொல்லவில்லை. பேப்பரில் படித்த பிறகுதான் பயந்தார்கள்.

ஒரே வாரத்தில் உங்கள் போன். "ரம்பத்தோட நிக்கிறாங்க தம்பி. நீ ஜல்தியா வந்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னா கேப்பாங்க." மீட்டிங்கில் இருக்கிறேன் என்றேன். இருந்தது என்னவோ உண்மைதான். எழுந்து வந்திருக்கலாம் என்பதும் உண்மை. பொய் எழுதினேன் என்று ஊர் நடுவில் நின்று சொல்ல வெட்கம், பாழாய்ப்போன வெட்கம். மரம் சாய்ந்தது. ஒரு கொட்டைகூட விழவில்லை. மூன்றாம் மாதம் மாரடைப்பில் நீங்களும் போனீர்கள். சாவு வீட்டில் என் காதுபடவே பேசிக்கொண்டார்கள்: "பேப்பர்ல போட்டது பலிச்சிட்டுது பாரு."

மதியமே திண்டிவனம் போனேன். அதே மாதிரி உச்சி கொள்ளாமல் பூத்து நிற்கிறது, அண்ணே. கீழே ஊரே கூடியிருந்தது. அந்தக் கடைசி வரி நானாகக் கட்டிவிட்டது, பொய் என்று இத்தனை வருடம் கழித்து வாய்விட்டுச் சொன்னேன். கூட்டத்தில் ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பொய்யாவே இருக்கட்டுங்க. அந்த ஆளு செத்தது நெசந்தானே?"

வெள்ளிக்கிழமை காலையில் ரம்பம் வருகிறதாம்.

ஜல்தியா வா என்ற உங்கள் குரல் இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை. வியாழக்கிழமையே போய் அந்த மரத்தடியில் உட்கார்ந்துகொள்ளப் போகிறேன். நான் சொன்னால் கேட்பார்களா, தெரியாது. இந்த முறை எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை, அண்ணே.