வார்டுக் கோடும் இருபத்தெட்டுக் குடங்களும்

கிணத்துக்கடவு,
9.2.96

அன்புக்கரசிக்கு,

குடத்தோடு போனது நிஜம்தான் கண்ணு. மறியலுக்கு இல்லை. உன் பெரியப்பா மகன் போனில் சொல்லி இந்தச் செய்தி போபாலுக்கு வந்திருக்கிறது, அதனால் பாதி பொய்யாகத்தான் வந்திருக்கும். போலீஸ் வேனில் யாரையும் ஏற்றவில்லை. வந்தது ஒரே ஒரு போலீஸ்காரர், அவருக்கும் நாங்கள்தான் டீ வாங்கிக் கொடுத்தோம். மற்றபடி நானும் உன் அப்பாவும் சினையாக இருக்கிற மாடும் சுகம். நீ சுகமா என்பது உன் கடிதத்தில் எங்குமே இல்லை. கேள்வி மட்டும் ஒன்பது.

முதலிலிருந்து சொல்கிறேன். மார்கழியில் பஞ்சாயத்து வார்டுகளைப் புதிதாகப் பிரித்து ஒரு வரைபடம் ஒட்டினார்கள். கோடு நம் தெரு நடுவில் ஓடுகிற சாக்கடைமேலேயே போயிருந்தது. வடவரிசை மூன்றாம் வார்டு, தென்வரிசை நான்காம் வார்டு. மறுநாள் காலையில் உன் பெரியப்பா சாக்கடையைத் தாண்டி வந்து, வார்டு உட்டு வார்டு வந்திருக்கறேன் அம்மணி, காப்பித்தண்ணி கெடைக்குமுங்களா என்று வாசலில் நின்றார். அப்பா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறுபத்திரண்டு வீடும் ஒரே வார்டில் இருந்தால் நம் தெருவிலிருந்து ஒரு மெம்பர் வர முடியும். இரண்டாக வெட்டினால் இரண்டு வார்டிலும் நாம் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற முப்பத்தோரு வீடு. தெருவுக்கு இருப்பது ஒரே குழாய். இன்னொன்று கேட்டுப் பதினொரு வருடம். போய்க் கேட்க நம் ஆள் ஒருவர் வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். நாற்காலி முழுக்க நிலபுலன் உள்ள தோட்டத்துக்காரர்கள், நாம் பின்னால் சுவரோரம். ஆட்சேபணை இருக்கிறவங்க பேசலாம் என்றார் அதிகாரி. தெருவே பேசத்தான் வந்திருந்தது. ஆனால் யார் முதலில்? மாமா நீங்க பேசுங்க. இல்லீங் மாப்பிள்ளை, நீங்கதானுங்க வெவரமானவரு. பெரியவங்க இருக்கறப்ப நானெப்படிங்க. பூவாத்தாள் அக்கா பேசட்டுமுங்க. அவளோ, ஆம்பளைங்க பேசி முடிக்கட்டுமுங்க. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். ஆட்சேபணை இல்லை என்று எழுதினார். ஜீப் கிளம்பிப் போனது. போன பிறகும் இரண்டு பேர், நீங்க பேசியிருக்கலாமுங்க, நீங்கதானுங்க பேசியிருக்கோணும் என்று ஒருவருக்கொருவர் மரியாதை செய்துகொண்டிருந்தார்கள். நானும்தான் பேசவில்லை. அதை எழுதாமல் விட்டால் நியாயமில்லை. மரியாதைக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். அரிசி களையும்போதுதான் தெரிந்தது, அது பயம்.

யூனியன் ஆபீசில் இன்னொரு நாள் விசாரணை உண்டு என்றார்கள். அங்கேயும் இதே கதைதான் நடக்கும் என்று யோசித்துக்கொண்டே குழாயடியில் நின்றேன். அங்கே யாரும் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை, நீ பார்த்ததுதானே. குடம் எங்கே இருக்கிறதோ அதுதான் முறை. மாமியார் குடமே ஆனாலும் பின்னால் இருந்தால் பின்னால்தான். அன்று ராத்திரி அறிவொளி வகுப்பில், எழுத்துப் படிக்க வந்த பெண்களுக்கு நான் பாடம் நடத்தவில்லை. ஆளுக்கொரு குடம் எடுத்துக்கொண்டு வாங்க, வரிசையில வெக்கலாம், அவங்கவங்க குடத்து முறை வர்றப்ப அவங்கவங்க பேசிக்கலாம் என்றேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

இருபத்தெட்டுக் குடம். கண்டக்டர் லக்கேஜ் போடணும் என்றார், மடியில வெச்சுக்கறமுங்க, புள்ளைன்னு நெனச்சுக்குங்க என்றாள் பூவாத்தாள் அக்கா. காலிக்குடங்களோடு இத்தனை பெண்கள் இறங்குவதைப் பார்த்து ஆபீஸ் வாட்ச்மேன் ஸ்டேஷனுக்குப் போன் போட்டுவிட்டான். தண்ணிப் பிரச்சினைக்குத் திங்கக்கிழமை வாங்க, இன்னைக்கு எல்லை மட்டும்தான் என்றார் அதிகாரி. எல்லைக்குத்தானுங்க வந்திருக்கறம், குடம் வரிசைக்குங்க என்றோம். போலீஸ்காரர் வந்து யார் இதுக்குத் தலைவர் என்று கேட்டார். உடனே ஆரம்பித்துவிட்டது, அக்கா நீங்க சொல்லுங்க, இல்லீங்க நீங்க சொல்லுங்க என்று. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் டீ.

முதல் குடம் சின்னத்தாயியுடையது. பச்சைப் பிளாஸ்டிக் குடம். அவள் ஆட்டிடம் தவிர யாரிடமும் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் குடம் முதலில் இருக்கிறதே. எழுந்தாள். எம்பேரு சின்னத்தாயிங்க, சாக்கடைக்கு வடக்கால எங்க ஊடுங்க, தெக்கால எம்மவ ஊடுங்க, குடிக்கறது ஒரே கொழாய்ங்க, எங்களை எதுக்குங்க பிரிக்கறீங்க என்றாள். உட்கார்ந்துவிட்டாள். அடுத்த குடம். அதற்கடுத்த குடம். ஆறாவது ஆள் முடித்தபோது அதிகாரியே பேனாவால் காட்டி, ம், அடுத்த குடம் என்றார். நடுவில் பொங்கியண்ணன் எழுந்தார், ஆற்றோரத்துத் தோட்டத்துக்காரர், புல்லட்டில் வந்திருந்தார். கோடு எங்க போனா என்னங்க, எல்லாரும் ஒரே ஊருதானுங்களே என்று ஆரம்பித்தார். அதிகாரி தலை நிமிரவில்லை. தரையில் வரிசையைப் பார்த்துவிட்டு, உங்க குடம் எங்கீங்க என்றார். போலீஸ்காரர் டீயைச் சிந்திவிட்டார். பொங்கியண்ணனும் சிரித்தார், வேறு வழியில்லை.

பதினொன்றாவது குடம் என்னுடையது. ஒரு பக்கம் எழுதி மனப்பாடம் செய்திருந்தேன். சின்னத்தாயி சொன்னதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை. காகிதத்தை மடித்துக் குடத்துக்குள் போட்டுவிட்டுப் பெயரைச் சொன்னேன், வீட்டைச் சொன்னேன், எங்களைச் சேர்த்து வையுங்க என்றேன்.  

போன செவ்வாய்க்கிழமை பட்டியல் வந்தது. தெரு முழுக்க நான்காம் வார்டு. உன் பெரியப்பா இப்போது காப்பிக்கு வேறு காரணம் தேடுகிறார். நான்காம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கீடு என்றும் போட்டிருக்கிறது. அங்கேதான் மறுபடி சிக்கல். பூவாத்தாள் அக்கா சின்னத்தாயியைக் காட்டுகிறாள், சின்னத்தாயி என்னைக் காட்டுகிறாள், நான் பூவாத்தாள் அக்காவைக் காட்டினேன். மூணு பேரும் இப்படியே கை காட்டிட்டு நில்லுங்க, ஊர்ப் பலகைன்னு நெனச்சு பஸ்ஸு நிக்கும் என்கிறார் உன் அப்பா. சாயங்காலம் இதைப் பேசத் தெரு குழாயடியில் கூடுகிறது. எலெக்‌ஷன் எப்போது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் ஆள் இல்லை என்று தெரிந்தால் தோட்டத்திலிருந்து ஓர் அம்மாவைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள்.

ஆஸ்பத்திரியில் பத்து மணி நேரம் நிற்கிறாய், வேளைக்குச் சாப்பிடு. கொடுத்தனுப்பிய பருப்புப்பொடியை அறையில் எல்லோருக்கும் பங்கு போடாதே, உன் சுபாவம் எனக்குத் தெரியும். பச்சைத்தண்ணீரில் தலைக்கு ஊற்றாதே. அடுத்த தபாலில் உடம்பு எப்படி என்று முதல் வரியிலேயே எழுது. எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூடட்டும், நீ கை வைக்கிற நோயாளிகள் சீக்கிரம் எழுந்து நடக்கட்டும்.

உன் அம்மா,
பொற்கொடி

பின்குறிப்பு: உறையை ஒட்டவில்லை, கூட்டத்துக்குப் போய்விட்டு வந்தேன். ஒன்றரை மணி நேரம். நீங்க நில்லுங்க, இல்லீங்க நீங்கதான் நிக்கோணும். வீட்டுக்கு வந்து என் குடத்தை எடுத்துக்கொண்டு திரும்பப் போனேன். குழாயடியில் முதலில் வைத்தேன்.