இரண்டாவது தவலை வெந்நீர்

குழந்தையைக் குளிப்பாட்டி முடித்து வெகுநேரமாகியும் என் சேலையில் சாம்பிராணி வாசம் போகவில்லை. தம்பி மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், பெண் குழந்தை. அவள் அம்மாவுக்கு முதுகுவலி என்பதால் குளிப்பாட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பிள்ளை பெறாதவள் கையிலா பிள்ளை என்று யாரும் கேட்கவில்லை. நீ இருந்திருந்தால் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பாய்.

இறந்தவர்களோடு பேசுவதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் இந்த வாசம் வந்தால் உன்னிடம்தான் பேச வருகிறது.

பிரசவித்த பெண்களின் உடல்நலத்தையும் மனநிலையையும் ஆராய, கல்லூரியில் ஒன்றாகப் படித்துக்கொண்டிருந்த நாம் இருவரும் திருவாரூர்ப் பக்கம் அலைந்தது, கூலித் தகராறில் நடவு நின்றுபோயிருந்த சமயம். சாலையில் போலீஸ் வண்டி, தெருமுனையில் கொடி, சுவரெங்கும் புது ஆட்சியின் வாக்குறுதிகள். வயலில் வேலை இல்லாததால் பெண்கள் வீட்டிலிருந்தார்கள். நமக்குப் பேச ஆள் கிடைத்ததே அதனால்தான். முதல் தெருவிலேயே ஒரு கிழவி மறித்தாள்.

"பண்ணை அனுப்புன ஆளா, சங்கத்து ஆளா?"

"ரெண்டும் இல்ல ஆயி. பரீட்சையில பெயிலாவப் போற ஆளுங்க."

கிழவி சிரித்து வழிவிட்டாள். ஆனால் உள்ளே போனால் மாமியார் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மனசு எப்படி இருக்கிறது என்று கேட்டால் எல்லாப் பெண்களும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: "நல்லாத்தான் இருக்கேன்." எனக்கு நம்பிக்கை வரவில்லை; வேறு வழியும் தெரியவில்லை.

வழியை நீ கண்டுபிடித்தாய். "மாமியா புள்ளைய கால்ல போட்டு எண்ணெ தேச்சிட்டா எந்திரிக்க முடியாதுடி. அப்ப உள்ள போவோம்."

அதன்பிறகு கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்கும் நேரமாகப் பார்த்து நுழைந்தோம். அந்தக் கொஞ்ச நேரத்தில் பெண்கள் பேசினார்கள். தூக்கம் வராததை, காரணமில்லாமல் வரும் அழுகையை, தகராறு தீர்ந்தால் பச்சை உடம்போடு சேற்றில் இறங்க வேண்டுமே என்ற பயத்தை. சாம்பிராணிப் புகை எழுந்தால் குளியல் முடிந்தது. நாம் பேச்சை மழைக்கு மாற்றிவிடுவோம். மாமியார்களை நன்றாக ஏமாற்றுகிறோம் என்று நமக்கு ஒரே பெருமை.

பிறகு உனக்குக் கல்யாணமாகி, குழந்தை பிறந்தது. அம்மா இல்லாத உனக்குப் போக ஒரு தாய்வீடு இல்லை. மாமியார் வீட்டிலேயே பிரசவம். நான் பார்க்க வந்தேன். கூடத்தில் உறவுக்காரர்கள் குழந்தையின் மூக்கு யாருடையது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"எப்படி இருக்கே?"

"நல்லாத்தான் இருக்கேன்."

நான் பஸ்ஸைத் தவறவிட்டேன் என்று பொய் சொல்லித் தங்கிவிட்டேன். மறுநாள் காலை கொல்லையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் உன்னருகில் வந்து உட்கார்ந்தேன். நீ புரிந்துகொண்டாய்.

"என்கிட்டயேவாடி?" என்று சிரிக்கப் பார்த்தாய். சிரிப்பு பாதியில் உடைந்தது. "புள்ளயப் பாத்தா யார் வீட்டுப் புள்ளயோ மாதிரி இருக்கு. கிணத்தடிக்குப் போவவே பயமா இருக்கு. தண்ணியப் பாத்தா குதிச்சிடலாம்னு தோணுது."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் எந்தப் படிப்பும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீ அழுதுகொண்டே இருந்தாய். புகை மட்டும் வரவே இல்லை. வெகுநேரம் கழித்து உன் மாமியார் குழந்தையோடு வந்து நின்றார். நான் அவசரமாக மழை பற்றி ஏதோ சொன்னேன்.

"மழை கெடக்கட்டும். அழுதாளா?" என்றார். "நாலஞ்சு நாளா கல்லாட்டம் கெடந்தா. நான் கேட்டா சொல்லுவாளா? மாமியாகாரிகிட்ட எவ சொல்லுவா? அதான் ரெண்டாவது தவலை வெந்நியும் போட்டு மெள்ள ஊத்துனேன்."

கிணற்றைப் பற்றி நீ சொன்னதை அவரிடம் சொன்னேன். அன்றே அவர் உன்னைப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார், நானும் வந்தேன். தேறி வரும்வரை ராத்திரியில் குழந்தையைத் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டார். நாம் ஏமாற்றியதாக நினைத்த மற்ற வீடுகளிலும் எத்தனை பேர் தெரிந்தே மெதுவாகத் தண்ணீர் ஊற்றினார்களோ. அதைக் கேட்க நம் ஆய்வுக் கேள்விப் பட்டியலில் இடமில்லை.

"என் கதையையும் எழுதிக்கடி. பேரு மட்டும் போட்டுடாதே," என்று பிற்பாடு சொன்னாய். அன்றும் போடவில்லை, இன்றும் போடவில்லை.

தம்பி மகள் வந்த நாளிலிருந்து என்னிடம் "நல்லாத்தான் இருக்கேன் அத்தை" என்றுதான் சொல்கிறாள். இன்று காலை அவளுடைய கல்லூரித் தோழி வந்தாள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். உள்ளே முதலில் சிரிப்பு. பிறகு பேச்சு தணிந்தது. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.

தம்பி மனைவி சாம்பிராணித் தட்டோடு வந்தாள். "போதும் அண்ணி, தூக்கிட்டு வாங்க."

"அவசரமில்லம்மா," என்றேன். "அடுப்புல இன்னொரு தவலை இருக்கு."