கதவைத் திற மகனே என்று மூன்று முறை சொன்னவனுக்கு

என் கூடப் பிறந்த அண்ணா,

நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. திதி கொடுத்த மறு வாரமே உன் மகள் கலா நீ நடத்திய நம் தெரு நாடக சபாவின் பெட்டியைத் திறந்து, புது நாடகத்துக்கு ஒத்திகை ஆரம்பித்துவிட்டாள். ஆடியில் மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு மேடையேற வேண்டும். விழா மலரில் உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னாள். மூணாவது வரைக்கும் படித்தவள் நான். நாலு வரியில் அடக்கத் தெரியவில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன், படிக்கிறவர்கள் படிக்கட்டும்.

முதலில் என் கோபத்தைச் சொல்லிவிடுகிறேன். செத்தவனிடம் கோபம் காட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது நீ காது கொடுக்கவில்லையே, நான் என்ன செய்ய?

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயசு. வேலூரிலிருந்து வரவேண்டிய நடிகை வரவில்லை. ஜனங்கள் பாய் விரித்து உட்கார்ந்தாகிவிட்டது. நீ பச்சைக்கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடைக்குப் பின்னால் குறுக்கும் நெடுக்கும் நடந்தாய். கதாநாயகி வசனம் முழுக்க எனக்குத் தெரியும், நான் ஏறட்டுமா என்று கேட்டேன். ஆர்மோனியக்காரர், திரை இழுக்கிறவர் எல்லார் எதிரிலும் சொன்னாய்: “தறியடிக்கிறவளுக்கு அரிதாரம் கேக்குதா? போடி, போயி ராட்டையில நூல் சுத்து.”

அப்புறம் ஆட்டத்தையே நிறுத்திவிட்டாய். தங்கச்சி மேடையேறுவதைவிட விளக்கை அணைப்பது உனக்குச் சுலபமாக இருந்தது.

அன்றைக்குத்தான் சபதம் போட்டேன். உன் நாடகம் நடக்கிற இடத்தில் கால் வைக்கமாட்டேன் என்று. வைக்கவில்லை. பண்டிகைக்கு உன் வீட்டுக்கு வந்தேன், உன் பிள்ளைகளுக்கு மருந்து அரைத்து ஊற்றினேன். கூடத்தில் ஒத்திகைக்கு ஆள் சேர ஆரம்பித்தால் எழுந்து வந்துவிடுவேன். ஐம்பது வருஷத்துக்கு ஒன்றுதான் குறைச்சல்.

காலைக் கட்டலாம், காதை என்ன செய்வது? உன் வீட்டுக்கு எதிர் வீடு என்னுடையது. நம் தெருவில் ஒரு குழந்தை தும்மினால் எதிர்ச் சாரியிலிருந்து நூறு வயசு என்று வாழ்த்துவார்கள். உனக்கும் எனக்கும் தறிதான் பிழைப்பு. என் தறி ஜன்னலோரம். பொழுது சாய நீ வசனம் சொல்லிக் கொடுக்க, இங்கே தறிக் குழியில் உட்கார்ந்து நான் வலது கால் மிதிக்கு ஒரு வார்த்தை, இடது மிதிக்கு ஒரு வார்த்தை என்று போட்டுக்கொள்வேன். நீ போட்ட நாடகம் எதுவும் நான் பார்த்ததில்லை. எனக்குத் தெரியாத வசனமும் அதில் எதுவும் இல்லை.

இனிமேல் எழுதப்போவதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது.

நீ கடைசியாக வேஷம் கட்ட இருந்த நாடகம். வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட அப்பன் நீ. ஒத்திகையில் பிள்ளையின் வாசலில் நின்று, “கதவைத் திற மகனே” என்றாய். நின்றுவிட்டாய். மறுபடி சொன்னாய். அடுத்த வரி வரவில்லை. மூன்றாவது தடவை சொன்னபோது உன் குரல் வேறு மாதிரி இருந்தது.

உன்னோடு முப்பது வருஷமாக நடிக்கிற தண்டபாணிக்கு வாய் சும்மா இருக்குமா? “இன்னா அண்ணாத்தே, சாவி தொலைஞ்சிடுச்சா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய்.

‘வெளியில நிக்கிறவன் உன் அப்பன்.’ அவ்வளவுதான் அண்ணா அடுத்த வரி. என் நாக்கில் இருந்தது. என் தறி தானாக நின்றுவிட்டது. சத்தம் நின்றதும் நீ என் ஜன்னல் பக்கம் திரும்பினாய். குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும்.

அன்றைக்கு என் வாயை அடைத்தாய் அல்லவா, இன்றைக்கு உனக்கு வாய் இல்லை என்று நினைத்தேன். தறியை ஓட்டினேன், முன்னைவிட வேகமாக.

மறுநாள் அந்த வேஷத்தைத் தண்டபாணியிடம் கொடுத்துவிட்டாய். வயசாகிவிட்டது என்றார்கள். ஒத்திகை நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாய். பேச்சும் குறைந்துபோயிற்று. தை பிறந்ததும் போய்விட்டாய்.

இப்போது நடக்கிற கதைக்கு வருகிறேன். புது நாடகத்தில் அண்ணனும் தம்பியும் வீட்டுக்கு நடுவில் சுவர் எழுப்புகிறார்கள். அவர்களுடைய அம்மா வேஷத்துக்கு ஆள் கேட்டு கலா என்னிடம்தான் வந்தாள்.

“உங்கப்பன் போடச் சொல்லிட்டுப் போனானா?” என்றேன்.

“அப்பா இருந்திருந்தா போடக்கூடாதுன்னுதான் சொல்லுவாரு. நான் சொல்றேன் அத்தே, நீதான் போடணும்.”

“நான் சபதம் போட்டவடி.”

“அது அப்பா மேல போட்டது. அவரே இல்ல. இப்ப யாரு மேல காட்டிகினு இருக்கற?”

உன் வாய்தான் அவளுக்கு. பத்து நாள் ஜன்னலோரம் உட்கார்ந்து எல்லார் வசனத்தையும் ஏற்றிக்கொண்டேன். பதினோராம் நாள் தெருவைத் தாண்டி உன் கூடத்தில் போய் நின்றேன். மாலை போட்ட உன் படத்தைப் பார்க்கவில்லை.

என் முறை வந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றுமே இல்லை அண்ணா. துடைத்துவிட்ட சிலேட்டு மாதிரி இருந்தது. யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்று தேதியோடு சொல்கிற எனக்கு, காலையில் சொன்ன வசனம் வரவில்லை.

“அக்கா, ஜல்தி. செவுரு கட்ற கொத்தனாரு டீ குடிச்சிட்டு வந்துடப் போறாரு,” என்றான் தண்டபாணி.

யாராவது ஒரு வார்த்தை கொடுக்கமாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அப்போது கலா மெதுவாக, “எழுப்புங்கடா...” என்றாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு என்னை உட்காரவும் வைத்தாள். உட்கார்ந்ததும் என் வலது கால் தானாகத் தரையை மிதித்தது, பிறகு இடது கால். “எழுப்புங்கடா செவுரை, நான் குறுக்க நிக்கல. என்னை எந்தப் பக்கம் வெச்சிக்கப் போறீங்க, அதை மட்டும் சொல்லுங்க.” கடைசி வரைக்கும் தடையில்லாமல் வந்தது.

காலை நிறுத்தினால் எனக்கு வசனம் இல்லை. எழுபத்தொரு வயசில்தான் இது எனக்கே தெரிந்தது. உடனே உன் ஞாபகம் வந்தது. முட்டி தேய்ந்து, குழியில் இறங்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி, உன் தறியைப் பிரித்து மாடியில் அடுக்கிய அதே வருஷம்தானே உன் வசனமும் போனது? நீயும் வசனத்தை மிதியில்தான் போட்டுவைத்திருந்தாயா? அப்பா நம் இருவரையும் பழக்கியது ஒரே குழியில்தானே? வயசு என்று நீயும் நம்பிவிட்டாயா அண்ணா?

எல்லாரும் போன பிறகு கலாவிடம் சொல்லிவிட்டேன். “அன்னிக்கு அந்த வரி எனக்குத் தெரியும்டி. வேணும்னுதான் சொல்லல.”

அவள் ஸ்டூலை ஓரமாகப் போட்டாள். “தெரியும் அத்தே. உன் தறி நின்னுச்சே. அது நின்னது அப்பாவுக்கும் கேட்டுச்சு.”

“இன்னா சொன்னான்?”

“சாப்பிட உக்காந்தப்ப, அவளுக்குத் தெரியும்னு மட்டும் சொன்னாரு.”

எப்படிச் சொன்னாய் அதை? மனசு கசந்தா, தங்கச்சி என்ற பெருமையிலா? கலாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ பேரின் வார்த்தையை, குரல் மாறாமல் மனசில் வைத்திருக்கிறேன். இந்த ஒன்றின் குரல் எனக்குக் கிடைக்கவில்லை. இனி யாரைக் கேட்பேன்?

ஆடியில் மேடையேறுகிறேன் அண்ணா. என்னை ஏறவிடாத உன்மேல் கோபம் தீரவில்லை. தீர்ந்துவிட்டது என்று பொய் எழுத எனக்கு வராது. ஆனால் ஒன்று சொல்கிறேன். இனி என் காது கேட்கிற தூரத்தில் எவன் வாயடைத்து நின்றாலும், அவன் எனக்கு என்ன செய்தவனாக இருந்தாலும், முதலில் வார்த்தையை எடுத்துக் கொடுத்துவிடுவேன். சண்டையை அப்புறம் போட்டுக்கொள்வேன்.

உனக்குப் பின்னால் பிறந்து, உனக்குக் குரல் கொடுக்காமல் போன தங்கச்சி,
ராஜாமணி