வெள்ளை விளக்கு வேண்டாம்

அன்புள்ள அப்பா,

உங்கள் படகு திரும்பாமல் போனபின் வரும் முதல் ஓபோன் இது. இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாட்கள். புதிதாய் இறந்தவருக்கு வாசலில் வெள்ளை விளக்கு கட்டவேண்டும் என்று பக்கத்து வீட்டு சுகினோ அக்கா நினைவூட்டினார்.

"யாருக்குக் கட்டுறது? அந்த மனுசன் எங்கியாச்சும் கரை ஒதுங்கி, குடிச்சிட்டுக் கெடப்பாரு" என்று அம்மா கதவைச் சாத்திவிட்டாள்.

அந்தி சாய்ந்ததும் தாத்தாவை அழைத்துவரக் கல்லறைக்குப் போனோம். செம்பு மூடி போட்ட நம் பழைய காகித விளக்கை நான் பிடித்துக்கொண்டேன். என் கல்லூரி நோட்டுத் தாளால் நீங்கள் ஒட்டிய கிழிசலில் என் கையெழுத்து தெரிந்தது. வழக்கப்படி அம்மா கல்லறைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, தாத்தாவை முதுகில் ஏற்றிச் சுமந்து வரவேண்டும்.

"மாமா நடந்தே வரட்டும். அவருக்கென்ன, நல்ல காலு" என்றாள்.

திரும்பும்போது துறைமுகத்துப் பக்கம் சுற்றிப் போனாள். நான் விளக்கோடு பின்னால் போனேன். நீங்கள் படகைக் கட்டிவைக்கும் இடத்தில் கடலுக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"விளக்கத் தாழ்த்திப் பிடிடி. கண்ணு கூசும்."

வழியெல்லாம் அவளுக்கு மூச்சு வாங்கியது. வீட்டு வாசலில் நின்று, குள்ளமான அம்மா, தரையைத் தொடுமளவு குனிந்து உள்ளே போனாள். அந்தக் கதவு நிலையில் எப்போதும் தலையை இடித்துக்கொள்பவர் நீங்கள்தான்.

உங்கள் மகள்